லக்சுரி படிப்பும் ஒசூர் எல்லையும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் காட்டுச் சாலையில் இருக்கிறது நாட்றாம்பாளையம். கொஞ்சம் தள்ளிப் போனால் காவிரி. ஆற்றுக்கு அக்கரை கர்நாடகம். கர்நாடகம் திறந்துவிடும் தண்ணீரை மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் பிலிகுண்டுலு இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. சுற்றிலும் யானைகள் நடமாடும் காடு. மானாவாரி நிலத்தில் ராகியும் கொள்ளும் விளைகின்றன. தமிழோடு கன்னடமும் தெலுங்கும் பேச்சில் கலந்து ஓடும். ஒசூருக்குப் போக அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக 60 கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட வேண்டும்.

இந்த ஊர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடிக்கும் ஒரு மாணவி, பல்கலைக்கழகத்தில் லக்சுரி பிராண்டு மேலாண்மை படிக்க விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர்களில் பெரும்பாலோர் அதைப் பாரீஸ், மிலன் பிள்ளைகளுக்கான படிப்பு என்று ஒதுக்கிவிடுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்தப் படிப்பின் மையக் கேள்வி, ஒரு பொருளின் செலவுக்கும் விலைக்கும் இடையிலுள்ள பெரிய இடைவெளி எப்படி உண்டாகிறது, அது யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்கத் தமிழ்நாட்டில் ஒசூர் எல்லையைவிடப் பொருத்தமான இடம் குறைவு. ஆனால் தனியாகப் படித்தால் இந்தப் படிப்பு பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். வேறொரு துறையோடு சேர்த்துப் படித்தால்தான் மறுபாதி பிடிபடும். இக்கட்டுரை அந்த மறுபாதியைப் பற்றியது.

முதலில் இந்தப் படிப்பு எப்படிப் பிறந்தது என்று பார்க்கலாம். 1987-இல் லூயி வித்தோனும் மொயட் ஹென்னெசியும் இணைந்து எல்விஎம்ஹெச் என்ற குழுமமானது. அதுவரை தோல் பை, ஷாம்பெயின், வாசனைத் திரவியம் ஆகியவற்றைச் செய்தவை பெரும்பாலும் குடும்ப நிறுவனங்கள். அப்பாவிடமிருந்து மகனுக்கு, தலைமைக் கைவினைஞரிடமிருந்து சீடருக்கு என்று அறிவு கைமாறியது. அவை பங்குச்சந்தைக் குழுமங்களாக மாறியபோது, குடும்பத்தில் பிறக்காத, ஆனால் குடும்பத்தார்போல யோசிக்கத் தெரிந்த மேலாளர்கள் நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டார்கள். பாரீஸ் அருகிலுள்ள எசெக் வணிகப் பள்ளி 1995-இல் லக்சுரிக்கென்றே தனி எம்பிஏ தொடங்கியது. பிறகு இத்தாலியின் பொக்கோனி முதலான பள்ளிகளும் அந்த வழியில் வந்தன. இந்தியாவிலும் சில தனியார் கல்லூரிகள் பட்டயமும் பட்டமும் தருகின்றன. இந்தப் படிப்பு குறிவைக்கும் சந்தை சிறியதல்ல. தனிநபர் லக்சுரிப் பொருள்களின் உலகச் சந்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 36,000 கோடி யூரோ என்று பெயின் ஆலோசனை நிறுவனத்தின் அண்மைக் கணக்குகள் சொல்கின்றன.

இத்துறையின் பாடநூல் என்று சொல்லத்தக்கது, பேராசிரியர் ழான் நோயல் காப்ஃபெரரும் லூயி வித்தோனின் முன்னாள் தலைமை நிர்வாகி வின்சென்ட் பஸ்தியனும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ‘த லக்சுரி ஸ்ட்ராட்டஜி’. சாதாரண விற்பனைக் கலையின் விதிகளை அது தலைகீழாக்குகிறது. வாங்குபவர் கேட்பதையெல்லாம் செய்து கொடுக்காதே, விலையைக் கூட்டிக்கொண்டே போ, தள்ளுபடி தராதே, வாங்க முடியாதவர்களுக்கும் பெயர் தெரிந்திருக்கச் செய், பிறந்த மண்ணைவிட்டு உற்பத்தியை மலிவான நாட்டுக்குக் கொண்டுபோகாதே. இந்தக் கடைசி விதியைத்தான் நான் அடிக்கோடிடுவேன். ஒரு பொருளை எங்கே, யார், எந்தக் கையால் செய்தார் என்பதில்தான் அதன் மதிப்பு நிற்கிறது என்று பாடநூலே ஒப்புக்கொள்கிறது. ஆனால் இப்பாடத்தை நடத்தும் பல வகுப்பறைகளில் அந்தக் கையைப் பற்றிய பாடம் ஒரு வாரப் பட்டறைச் சுற்றுலாவோடு முடிந்துவிடுகிறது. மீதி நேரம் விளம்பரம், கடை அமைப்பு, வாடிக்கையாளர் உறவு என்று போகிறது.

அப்படியானால் கையும் பெயரும் ஒரே இடத்தில் வளர்ந்த ஊர் எது? ஒசூரோடு ஒப்பிட சுவிட்சர்லாந்தின் யூரா மலையைத்தான் எடுத்துக்கொள்வேன். அதுவும் எல்லைப்பகுதி, மலைக்கு மறுபுறம் பிரான்ஸ். பனிக்காலத்தில் பயிர் வேலை கிடையாது. 18-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே உழவர் குடும்பங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கடிகாரத்தின் ஏதாவது ஒரு பாகத்தைச் செய்து வியாபாரியிடம் கொடுத்தன. அவற்றைச் சேர்த்துக் கடிகாரமாக்கியவர் பெயர் பெற்றார். லா ஷோ தெ ஃபோன், லெ லோக்ல் என்ற இரு மலையூர்கள் இந்தத் தொழிலுக்காகவே தெருக்களை வகுத்துக் கட்டப்பட்டவை. 2009-இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. லா ஷோ தெ ஃபோனில் 1865-லேயே கடிகாரப் பள்ளி தொடங்கிவிட்டது.

1969 டிசம்பரில் ஜப்பானின் சைக்கோ குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் மூன்றில் இரண்டு பங்கு வேலைகள் போய்விட்டன. மிஞ்சியவர்கள் மீண்டது எப்படி என்பது லக்சுரி படிப்பில் கட்டாயம் சொல்லப்படும் கதை. நேரம் காட்டும் வேலையில் குவார்ட்ஸை வெல்ல முடியாது என்று ஏற்றுக்கொண்டு, பல்சக்கரமும் சுருள்வில்லும் கொண்ட பழைய இயந்திரத்தைக் கலைப்பொருளாக விற்றார்கள். வகுப்பறையில் அழுத்திச் சொல்லப்படாத பகுதி ஒன்று உண்டு. அந்த நெருக்கடியிலும் கடிகாரப் பள்ளிகள் எல்லாம் அழிந்துவிடவில்லை. கைத்திறன் உயிரோடு இருந்ததால்தான் பெயரை விற்க முடிந்தது. பிறகு சட்டமும் துணைக்கு வந்தது. ‘சுவிஸ் மேட்’ என்று எழுத, உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதமாவது அந்நாட்டில் ஆகியிருக்க வேண்டும் என்ற விதி 2017 முதல் நடைமுறையில் உள்ளது.

இனி ஒசூர். 1984-இல் தமிழ்நாடு அரசு நிறுவனமான டிட்கோவும் டாட்டா குழுமமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், அன்று தருமபுரி மாவட்டத்தின் பின்தங்கிய தாலுகாவாக இருந்த ஒசூரில் ஆலை அமைத்தது. பெங்களூரில் எச்எம்டி 1961 முதலே கடிகாரம் செய்துகொண்டிருந்ததால், பயிற்சி பெற்றவர்களை அங்கிருந்து அழைத்துக்கொள்வது எளிதாக இருந்திருக்கும். ஆனால் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளில் படிப்பு முடித்த இளைஞர்களையும் பெண்களையும் எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். முடியைவிட மெல்லிய பாகத்தைச் சாமணத்தால் எடுத்து வைக்கும் அந்த வேலையில் அவர்கள் தேர்ந்தார்கள். 2002-இல் இதே ஒசூரிலிருந்து ‘எட்ஜ்’ கைக்கடிகாரம் வந்தது. மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டர், உள்ளிருந்த இயந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர். நிறுவனத்தின் நாற்பதாம் ஆண்டையொட்டி வந்த ‘ஜல்சா’ கடிகாரம் டூர்பியோன் என்ற கடினமான பொறியமைப்பைக் கொண்டது. ஜெய்ப்பூர் ஓவியர் ஷாகிர் அலியின் நுண்ணோவியம் அதன் முகத்தில் இருக்கிறது. பத்தே பத்துதான் செய்தார்கள். விலை 40 லட்சம் ரூபாய்க்கு மேல். யூராவின் மலையூர்களுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பிடித்த பயணம் அது.

இந்த வெற்றிக்குப் பக்கத்திலேயே ஒரு தோல்வியையும் சொல்லியாக வேண்டும். நம் தாத்தாக்கள் ‘பேவர்லூபா’ என்று பெருமையாகச் சொல்லிக் கட்டிக்கொண்ட ஃபேவர் லூபா, 1737-இல் லெ லோக்லில் வேர்விட்ட சுவிஸ் பெயர். டைட்டன் 2011-இல் அதைச் சுமார் 20 லட்சம் யூரோவுக்கு வாங்கியது. உயிர்ப்பிக்கப் பல ஆண்டு முயன்று, நஷ்டம் கண்டு, கடைசியில் கைவிட்டது. பெயர் இப்போது வேறொரு இந்திய நிறுவனத்திடம் இருக்கிறது. அதே ஒசூரின் டிவிஎஸ் மோட்டார், 1898-இல் பிறந்த நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் மோட்டார்சைக்கிள் பெயரை 2020-இல் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. பி.எம்.டபிள்யூவின் 310 சி.சி. வண்டிகளை உலகச் சந்தைக்குச் செய்து கொடுத்த ஆலை அவர்களுடையது. ஆக, இங்கே செய்யும் திறனுக்குக் குறைவில்லை. நூற்றாண்டுப் பெயரைச் சுமக்கும் பொறுமை, எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்த நிதானம் ஆகியவற்றைத்தான் ஒசூர் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது. லக்சுரி பிராண்டு மேலாண்மை கற்ற நம் பிள்ளைகளுக்கான வேலை அங்கே இருக்கிறது.

டைட்டனைப் பற்றி இன்னொன்று. அதன் பங்குகளில் 27.88 சதவீதம் டிட்கோவிடம், அதாவது தமிழ்நாடு அரசிடம் இருக்கிறது. நாட்டின் முன்னணி நகைக்கடை, கடிகார நிறுவனம் ஒன்றின் மிகப்பெரிய ஒற்றைப் பங்குதாரர் நம் அரசு. அந்தப் பங்காதாயத்தின் ஒரு சிறு பகுதியைக்கொண்டு ஒசூர் அரசுக் கலைக் கல்லூரியிலோ சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலோ இந்தத் துறைக்கு ஓர் இருக்கை ஏற்படுத்தலாம். இப்படியொரு கோரிக்கையைக் கல்வியாளர்கள் உரக்க எழுப்பாதது எனக்கு வருத்தம் தருகிறது.

பாரீஸ் பாடத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே நட்டால் பிழைக்காது என்பதற்கும் ஒசூரிலேயே சான்று உண்டு. டைட்டன் 1990-களின் நடுவில் நகைத் தொழிலில் இறங்கியபோது வெளிநாட்டுச் சந்தையை மனத்தில் வைத்திருந்தது. அது சரிவராமல் உள்நாட்டுக்குத் திரும்பி, 1996-இல் தனிஷ்க் கடைகளைத் திறந்தது. ஐரோப்பிய ரசனைப்படி 18 காரட் தங்கத்தில் நகை செய்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நகை என்பது இங்கே அலங்காரமும் சேமிப்பும். மகள் கல்யாணத்துக்கு, மருத்துவச் செலவுக்கு, அடகுக்கு என எந்த நேரமும் பணமாக்கக்கூடிய சொத்து. 22 காரட்டுக்கு மாறிய பிறகும் வியாபாரம் உடனே எழவில்லை. வீட்டில் இருக்கும் நகையைக் கொண்டுவாருங்கள், எத்தனை காரட் என்று கண்முன் காட்டுகிறோம் என்று சொல்லி, எக்ஸ்ரே கதிரால் தூய்மையை அளக்கும் ‘காரட்மீட்டர்’ கருவியைக் கடைக்குள் வைத்தபோதுதான் நிலைமை மாறியது. பரம்பரையாக நம்பி வாங்கிய நகைகளில் பலவற்றில் தூய்மை குறைவு என்று தெரிந்த குடும்பங்கள் கொதித்தன. ஹால்மார்க் முத்திரை கட்டாயமாக இன்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அது வந்தது 2021 ஜூனில்.

காப்ஃபெரர் சொல்லும் லக்சுரி கனவை விற்கிறது. தனிஷ்க் விற்றது நம்பிக்கையை. அந்த நம்பிக்கையை உண்டாக்கியது ஒரு வேதியியல் அளவீடு. இதை விளங்கிக்கொள்ள விற்பனைப் பாடம் மட்டும் போதாது. உலோகவியல் கொஞ்சம் தெரிய வேண்டும்; தமிழ்க் குடும்பத்தில் பெண்ணின் சொத்துரிமை நகை வழியாக எப்படி இயங்கியது என்ற சமூக வரலாறும் தெரிய வேண்டும்.

இப்போது பட்டுக்கு வருகிறேன். தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், தளி வட்டாரங்களில் மல்பெரித் தோட்டமும் புழு மனையும் பழகிய காட்சி. ஒசூர்ப் பீடபூமியின் குளிர்ந்த காற்று வெண்பட்டுக் கூட்டுக்கு ஏற்றது. முட்டையிலிருந்து வந்த புழு நான்கு முறை தோலுரித்து, நான்கு வாரத்துக்குள் கூடு கட்டிவிடும். கடைசி வாரத்தில் அது தின்னும் தழைக்கு அளவே இல்லை. அந்த நாட்களில் வீட்டில் யாருக்கும் முழுத் தூக்கம் கிடையாது. அறையின் வெப்பமும் ஈரப்பதமும் கொஞ்சம் தவறினாலும் நோய் விழுந்து மொத்தத் தொகுதியும் போய்விடும். நல்ல வெண்பட்டுக் கூடு ஒன்றிலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இழை கிடைக்கும். ஒரு கிலோ கச்சாப்பட்டுக்கு 6 முதல் 7 கிலோ கூடு வேண்டும். உழவர் கூட்டை ஒசூர், தருமபுரி அங்காடிகளுக்கோ எல்லை தாண்டி ராமநகரத்துக்கோ கொண்டுபோய் ஏலத்தில் விடுகிறார். அன்றைய விலை அன்றைக்கு. கூடு விற்ற கணத்தில் அவருக்கும் பட்டுக்கும் உறவு அறுந்துவிடுகிறது.

ஒசூர் தளி சாலையில் மத்திய பட்டு வாரியத்தின் மரபுவள மையம் ஒன்று இருக்கிறது. 1991-இல் ஏற்பட்ட இம்மையத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகளையும் நூற்றுக்கணக்கான பட்டுப்புழு இனங்களையும் காத்து வருகிறார்கள். பர்கண்டி திராட்சைத் தோட்டத்தின் மண்வகைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் லக்சுரி பாடத்திட்டம், உலகத் தரத்திலான இந்தச் செல்வத்தை ஒரு வரியில்கூடக் குறிப்பிடுவதாக நான் கண்டதில்லை. எந்த இலை தின்ற எந்த இனப் புழு எத்தகைய இழையைத் தரும், அந்த இழை சாயத்தை எப்படி ஏற்கும் என்ற அறிவுதான் பட்டின் விலைக்கு அடிப்படை. பட்டுக்கான ஏராளமான கதைகள் அங்கே உயிரோடு இருக்கின்றன.

அந்த இழை முறுக்கேறி, சாயமேறி, காஞ்சிபுரத்துத் தறிக்குப் போகிறது. உடலும் கரையும் தனித்தனி ஓடத்தில் ஓடிக் கோர்வையாகச் சேர, இரண்டு ஆட்கள் தறியில் உட்கார்ந்த காலம் உண்டு. காஞ்சிபுரப் பட்டுக்கு 2005 வாக்கில் புவிசார் குறியீடு கிடைத்தது. பிறகு கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் ஒரு நல்ல வேலை செய்தது. நெசவாளரின் படம், பெயர், அனுபவம், நெய்ய ஆன நாட்கள் ஆகியவற்றை அச்சிட்ட அட்டையைப் புடவையோடு சேர்த்துத் தந்தது. ஒரு பொருளுக்குள் இருக்கும் மனிதரை வாங்குபவர் முன் நிறுத்துவது எந்த லக்சுரி நிறுவனமும் பொறாமைப்படத்தக்க செயல். ஆனால் அட்டை தறியோடு நின்றுவிடுகிறது. தளி மேட்டில் புழு வளர்த்த குடும்பம் அதில் இல்லை.

பாரீஸின் ஹெர்மேஸ் 1937 முதல் பட்டுக் கழுத்துத்துணி விற்கிறது. 2011-இல் இந்தியாவில் புடவையும் வெளியிட்டது. அதன் பட்டு நெடுங்காலமாக பிரேசிலின் பரானா மாநிலத்துக் கூடுகளிலிருந்து வருகிறது. நெசவும் அச்சும் லியோன் பகுதியில். கழுத்துத்துணி நூற்றுக்கணக்கான யூரோவுக்கு விற்கும்போது, அதில் லியோனின் பெயர் ஒலிக்கிறது. பரானாவின் பெயர் ஒலிப்பதில்லை. கூடு வளர்ப்பவரின் மறைவு எங்கும் உள்ளதுதான், அது தொழிலின் இயல்பு என்று சொல்லிவிடலாமா? கூடாது. ஷாம்பெயின் வரலாறு அதற்கு மறுப்பு.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாம்பெயின் வட்டாரத்தின் பெரிய மது நிறுவனங்கள் வெளியூர்த் திராட்சையை மலிவாக வாங்கி, அதையும் ஷாம்பெயின் என்றே விற்றன. உள்ளூர் உழவர்கள் கடனில் மூழ்கினார்கள். 1911-இல் கலவரம் வெடித்தது, மதுக்கிடங்குகள் சூறையாடப்பட்டன, அரசு படையை அனுப்பியது. பிறகு நீண்ட இழுபறி. 1927-இல் வந்த சட்டம் எந்தெந்த ஊர் நிலத்துத் திராட்சைக்கு அந்தப் பெயர் உரியது என்று எல்லை வகுத்தது. 1941-இல் உழவர்களும் நிறுவனங்களும் சமமாக உட்காரும் கூட்டுக்குழு ஏற்பட்டது. இன்றும் அங்குள்ள தோட்டங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் உழவர்கள் கையில்தான். மொயட் போன்ற பெருநிறுவனங்களுக்கு அவர்களிடம் திராட்சை வாங்குவதைத் தவிர வழியில்லை. பெயரும் நிலமும் சட்டத்தால் கட்டப்பட்டதால், பாட்டில் விலை ஏறும்போது உழவருக்கும் அதில் ஒரு பங்கு ஏறியது.

புவிசார் குறியீட்டுச் சட்டத்தை இந்தியா 1999-இல் இயற்றியது. 2003-இல் அது நடைமுறைக்கு வந்தது. பொருளின் பெயரைக் காப்பதில் நாம் தேர்ந்துவருகிறோம். மூலப்பொருள் விளைவித்தவருக்கு அந்தப் பெயரில் என்ன உரிமை என்ற கேள்வியை இன்னும் தீவிரமாகக் கேட்கவில்லை. பெயர் காக்கப்பட்டாலும் பலன் தானாக வந்துவிடாது என்பதற்கு கோலாப்பூர்ச் செருப்பு அண்மைய சான்று. மகாராஷ்டிரம், கர்நாடகம் இரண்டிலுமாக எட்டு மாவட்டங்களுக்கு 2019-இல் குறியீடு கிடைத்தது. 2025 ஜூனில் மிலன் மேடையில் ப்ராடா அதே வடிவச் செருப்பைக் கோலாப்பூரின் பெயரைச் சொல்லாமல் காட்டியது. இந்தியாவில் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு அதன் மூலத்தை நிறுவனம் ஒப்புக்கொண்டது; ஆண்டு முடிவதற்குள், இரு மாநிலங்களின் தோல் வளர்ச்சிக் கழகங்களோடு சேர்ந்து உள்ளூர்க் கைவினைஞர்களைக்கொண்டு செய்யும் ஏற்பாட்டுக்கு வந்தது. சட்டம் ஒரு கருவி கொடுத்திருந்தது. மக்கள் குரல்தான் அதை நகர்த்தியது. இடையில் பேச்சு நடத்தத் தெரிந்தவர்கள், அதாவது பிராண்டின் மொழியும் சட்டத்தின் மொழியும் தோல் பதனிடுபவரின் மொழியும் ஒருசேர அறிந்தவர்கள், நம்மிடம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள்.

உழைப்பின் பங்கு மறைந்துபோவது ஏழை நாடுகளில் மட்டும் நடப்பதன்று. 2024-இல் மிலன் நீதிமன்றம் டியோரின் இத்தாலிய உற்பத்திப் பிரிவு ஒன்றை நீதிமன்ற மேற்பார்வையில் வைத்தது. உப ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர்கள் சுரண்டப்பட்டதை விசாரணை வெளிக்கொண்டுவந்தது. 2,600 யூரோவுக்கு விற்கும் கைப்பை ஒன்றைத் தைத்துத் தர, மூலப்பொருள் சேராமல், பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ என்று ஆவணங்கள் காட்டின. ‘பிறந்த மண்ணைவிட்டுப் போகாதே’ என்ற விதி காகிதத்தில் காப்பாற்றப்பட்டது. மண்ணில் வேலை செய்தவர் காப்பாற்றப்படவில்லை. தொழிலாளர் சட்டம் படிக்காத பிராண்டு மேலாளருக்கு இந்த 53 ஒரு செலவுக் கணக்காகத் தெரியும். படித்தவருக்கு அந்தப் பெயரையே சரித்துவிடக்கூடிய விரிசலாகத் தெரியும். ஒசூர்ப் பக்கம் கைபேசிப் பாகங்கள் செய்யும் ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் விடுதியில் தங்கி வேலை செய்யும் இக்காலத்தில், இந்த அறிவு நமக்கு உடனடித் தேவை.

ஆகவே அந்த மாணவிக்கு என் யோசனை இது. இளங்கலையில் லக்சுரி வேண்டாம். ஒரு பொருளையோ ஒரு முறைமையையோ ஆழமாகக் கற்றுத் தரும் பாடத்தை எடுக்கட்டும். பட்டில் ஆர்வம் இருந்தால் மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தும் பட்டுவளர்ப்புப் பட்டப்படிப்பு இருக்கிறது. தறி என்றால், சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம். சட்டம் என்றால் தருமபுரியிலேயே அரசுச் சட்டக் கல்லூரி வந்துவிட்டது. வேதியியலோ வரலாறோ என்றால் ஒசூர், கிருஷ்ணகிரி அரசுக் கலைக் கல்லூரிகள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அது உதவும்.

அதற்குப் பிறகு பிராண்டு. நிஃப்ட் நிறுவனத்தின் ஃபேஷன் மேலாண்மை முதுகலைக்கு எந்தப் பட்டம் பெற்றவரும் நுழைவுத்தேர்வு எழுதலாம். அதன் வளாகங்கள் சென்னைத் தரமணியிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. நாட்றாம்பாளையத்துக்கு இரண்டாவதுதான் பக்கம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்திருப்பதால், முதல் பட்டத்தோடு தொலைநிலையில் வணிக மேலாண்மையையும் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. பாரீஸிலோ மிலனிலோ லக்சுரி எம்பிஏவுக்குப் பல பத்தாயிரம் யூரோ செலவாகும். நல்ல உதவித்தொகை இல்லாமல் நிலத்தை அடகு வைத்து அங்கே போவதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஒரு பொருளின் அறிவோடு ஐந்தாண்டு வேலை செய்துவிட்டுப் போகிறவருக்கு அந்த வகுப்பறை தரும் பயன் வேறு. இருபத்திரண்டு வயதில் வெறுங்கையோடு போகிறவருக்குத் தரும் பயன் வேறு.

பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும் ஒரு சொல். இந்த மாவட்டத்தின் கல்லூரி ஒன்றில் லக்சுரி பற்றிய ஒரு தாளாவது தொடங்கினால், அதன் முதல் பருவம் களத்தில் நடக்க வேண்டும். ஒரு தொகுதிப் புழு கூடு கட்டும் நான்கு வாரமும் மாணவர்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு புழு மனையில் கணக்கெடுக்கட்டும். தழை, கூலி, முட்டை, மருந்து, போக்குவரத்து, அங்காடி விலை என்று ஒவ்வொன்றையும் எழுதட்டும். அதே கூட்டைப் பின்தொடர்ந்து நூற்பாலை, முறுக்கு, சாயம், தறி, கடை என்று போகட்டும். புடவையின் விலைச்சீட்டில் ஒவ்வொரு கைக்கும் எத்தனை ரூபாய் போனது என்று பிரித்துக் காட்டட்டும். அந்த ஓர் அட்டவணை காப்ஃபெரரின் விதிகளைச் சோதிக்கவும், புவிசார் குறியீட்டில் கூடு விளையும் வட்டாரங்களைச் சேர்க்கக் கோரும் மனுவுக்கு ஆதாரமாகவும் பயன்படும். இங்குள்ள மாணவர்களுக்கு இந்த ஆய்வில் கூடுதல் வலிமை ஒன்று உண்டு. புழு மனையில் தெலுங்கு, ராமநகரத்து ஏலத்தில் கன்னடம், காஞ்சிபுரத்துத் தறியில் தமிழ் எனப் பட்டு கடந்துபோகும் மூன்று மொழிகளும் பள்ளிக்கூடம் போகும் முன்பே அவர்கள் காதில் விழுந்தவை. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அந்த முழு வழியிலும் நின்று விலை கேட்க, மேல்நாட்டு வணிகப் பள்ளியிலிருந்து வரும் எந்த ஆய்வாளராலும் முடியாது.